சும்மாதான் போகிறோம்

விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் எழுதுவதற்கு ஒரு கோடு விட்டிருப்பார்கள். இருபது ஆண்டுகளாக அந்தக் கோட்டில் நான் எழுதியவற்றைத் தொகுத்தால் ஒரு சிறுகதைத் தொகுப்பே வந்துவிடும். அம்மாவுக்கு உடல்நலமில்லை, நெருங்கிய உறவினர் திருமணம், குலதெய்வ வழிபாடு, ஆய்வுப் பணி. சில உண்மை. பல இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பொங்கலை ஒட்டி, மூன்று தோழியரோடு நாகப்பட்டினத்திலிருந்து மீமிசல் வரை கடலோரமாகச் சைக்கிளில் போகக் கிளம்பியபோது, அந்தக் கோட்டில் ‘நெய்தல் நிலக் கள ஆய்வு’ என்று எழுதினேன். கள ஆய்வு எதுவும் கிடையாது. கடலோரமாகச் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

உண்மையை எழுதியிருந்தாலும் விடுப்பு கிடைத்திருக்கும். எனக்குச் சேர வேண்டிய நாட்கள்தான் அவை. யாரும் என்னைத் தடுக்கவில்லை, மிரட்டவில்லை. வகுப்பில் பெண்ணியத் திறனாய்வு நடத்துகிறவள் நான். பிறகு ஏன் அந்தப் பொய்? அந்த ஐந்து நாட்களும், அதன் பிறகும், இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

என் ஊர் தொப்பூர். தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே நெடுஞ்சாலை கணவாயில் இறங்கும் இடம். வெளியூர்க்காரர்களுக்கு அது விபத்துச் செய்தியில் வரும் பெயர். பிரேக் பிடிக்காத லாரி, நீண்டு நிற்கும் வாகன வரிசை. எனக்கு அது குரங்குப் பெடல் போட்டு ஓட்டிப் பழகிய ஊர். அப்பாவின் சைக்கிளில் இருக்கைக்கு ஏற எட்டாது. பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து ஓட்டுவோம்.

1992இல் எனக்குப் பதின்மூன்று வயது. ஒரு சாயங்காலம் கேழ்வரகு அரைத்து வரச் சொல்லி அனுப்பினார்கள். பையை மில்லில் வைத்துவிட்டுச் சைக்கிளை மேட்டூர் சாலையில் திருப்பினேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. மாந்தோப்புகள் வந்தன, போயின. இறக்கத்தில் பெடலை மிதிக்காமல் காற்றை வாங்கிக்கொண்டு போனது மட்டும் நினைவிருக்கிறது. திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. வாசலில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார்.

“எங்கடி போன?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் குரல் உள்ளேயிருந்து வந்தது. “மில்லுல கரண்டு இல்லியாம். இருந்து அரைச்சிக்கிட்டே வாடின்னு நான்தான் சொல்லியனுப்பினேன்.”

அம்மா எதுவும் சொல்லியனுப்பவில்லை. அன்றிரவு அவர் என்னைத் திட்டவும் இல்லை. மறுநாள் துணி துவைக்கும்போது சொன்னார்: “போறதுன்னா போ கண்ணு. ஆனா யாராவது கேட்டா சொல்றதுக்கு ஒண்ணு கையில வெச்சிக்கிட்டுப் போ.”

அன்றிலிருந்து கையில் ஒன்று வைத்துக்கொண்டேதான் போகிறேன். நூலகப் புத்தகம், தோழியின் நோட்டு, தையற்காரரிடம் கொடுத்த ரவிக்கை. வளர்ந்த பிறகு கருத்தரங்கம், விடைத்தாள் திருத்தம், கள ஆய்வு. சைக்கிளை நானாகக் கற்றுக்கொண்டேன். காரணத்தை அம்மா கற்றுக்கொடுத்தார்.

நாங்கள் நால்வரும் சேலத்தில் முதுகலை படித்தபோது ஒரே விடுதி அறை. ஒருத்தி வங்கியில் வேலை பார்க்கிறாள், ஒருத்தி அரசு மருத்துவமனையில் செவிலியர், இன்னொருத்தி பள்ளி ஆசிரியை. சைக்கிள்களைக் குட்டி யானையில் ஏற்றி நாகப்பட்டினம் கொண்டுபோய் இறக்கினோம். ஐந்து நாள், ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பழகியவர்கள் இரண்டே நாளில் முடித்துவிடுவார்கள். எங்கள் முழங்கால்களைக் கேட்டுத்தான் இந்தக் கணக்கைப் போட்டோம். தை மாதத்து வாடைக்காற்று முதுகுப் பக்கமிருந்து தள்ளிவிட்டது.

முதல் தேநீர்க்கடையிலேயே கேள்வி வந்துவிட்டது. “வேளாங்கண்ணிக்கு வேண்டுதலா?” இல்லை என்றோம். “அப்ப எதுக்கு?” நாங்கள் விழித்தோம். அடுத்து ஒரு காவலர் வண்டியை நிறுத்தி, “என்ன மேடம், விழிப்புணர்வா?” என்றார். வங்கித் தோழி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “ஆமாங்க சார். பெண் குழந்தைகள் கல்வி.” அவர் விறைப்பாக ஒரு வணக்கம் வைத்து, ஏதாவது உதவி வேண்டுமென்றால் அழைக்கச் சொல்லி எண்ணும் கொடுத்தார். கொஞ்ச தூரம் போய்ச் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தோம். வயிறு வலிக்கும் வரை சிரித்தோம். ‘விழிப்புணர்வு’ என்ற சொல் எல்லாக் கதவையும் திறந்துவிடும் சாவி என்று அன்று தெரிந்தது. இரண்டு நாளைக்கு அதை வைத்தே ஓட்டினோம்.

வழியில் ராமேஸ்வரம் போகும் இரண்டு இளைஞர்களைச் சந்தித்தோம். ஒரே கடையில் நின்று இளநீர் குடித்தோம். கடைக்காரர் அவர்களிடம் கேட்டது: “எவ்வளவு தூரம் தம்பி? வண்டிக்கு எத்தனை கியர்?” எங்களிடம் கேட்டது: “எதுக்கும்மா? வீட்டுல யாரு பாத்துக்கிறாங்க?” அவர் கெட்டவர் இல்லை. பரிவோடுதான் கேட்டார். ஆணிடம் பயணத்தின் நீளத்தைக் கேட்கிறோம், பெண்ணிடம் பயணத்தின் நியாயத்தைக் கேட்கிறோம். இரண்டும் ஒரே மாதிரி அக்கறையாகத் தெரிவதால்தான் வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

நாகப்பட்டினத்துக் கடற்கரையில் சிரிப்பை நெடுநேரம் வைத்திருக்க முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டிலேயே அதிகம் பேரை இழந்த மாவட்டம் அது. அந்த ஆழிப்பேரலையில் ஆண்களைவிடப் பெண்கள் பல மடங்கு இறந்த ஊர்கள் உண்டு. கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்களின் எண்ணிக்கை ஆண்களுடையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று ஆக்ஸ்ஃபாம் 2005இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. கடலுக்குள் போயிருந்த ஆண்கள் படகோடு தப்பினார்கள். மீன் வரும் என்று கரையில் காத்திருந்த பெண்களை அலை எடுத்தது. நீந்தத் தெரியாது, மரமேறத் தெரியாது, இடுப்பில் குழந்தை, காலைச் சுற்றும் புடவை.

நீந்துவதும் மரமேறுவதும் பையன்கள் சின்ன வயதில் சும்மா கற்றுக்கொண்டவை. கடலோரத்திலேயே பிறந்த பெண்பிள்ளைக்கு ‘அதெல்லாம் எதுக்கு’ என்று தடுக்கப்பட்டவை. பயன் இருந்தால் மட்டும் பெண்ணுக்கு அனுமதி என்ற விதி, பயன் என்ற அதன் சொந்தக் கணக்கிலேயே தோற்றுப்போன நாள் அது. எது எப்போது பயன்படும் என்று முன்கூட்டித் தெரிந்து உடம்பைப் பழக்க முடியாது. விளையாட்டாகப் பழகிய உடம்புக்குத்தான் ஆபத்தில் வழி தெரிகிறது.

தமிழ் படித்தவள் கடற்கரையில் நடந்தால் இலக்கணமும் கூடவே வரும். நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருள் இரங்கல். கடல் மேல் போனவனை நினைத்துக் கரையில் கலங்கி நிற்பது. கடல்வழிப் பயணம் பெண்ணோடு சேர்ந்து நிகழும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் தெளிவாகவே சொல்லிவிடுகிறது. பெண் ஊரைத் தாண்டிப் போவதற்கு அகமரபில் உள்ள பெரிய வழி உடன்போக்கு. அதுவும் ஒருவனோடு.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. எங்கள் தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை இருக்கிறார். அவர் காலடி பட்ட மண் என்று தருமபுரியில் நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் அவருடைய அந்தப் பயணத்துக்குப் பின்னால் ஓர் அரசனின் காரியம் இருந்தது. நாகைக்கு வடக்கே காரைக்காலில் பிறந்த அம்மையார் இன்னும் தொலைவு போனார், கயிலாயம் வரை. போவதற்கு முன் அவர் கேட்டது, தன் உடம்பின் அழகும் சதையும் கழிந்த பேயுருவை. பக்தர்கள் அதை அருளாகப் படிக்கிறார்கள். நான் ஒவ்வொரு முறை பாடம் நடத்தும்போதும் வேறு ஒன்று உறுத்துகிறது. பெண்ணுடம்போடு அவ்வளவு தூரம் தனியாகப் போக முடியாது என்பது அந்தக் கதைக்கும் தெரிந்திருக்கிறது.

இரண்டாம் நாள் வேதாரண்யம். உப்பளங்களில் பாத்தி சீர்செய்யும் வேலையில் பெண்கள் குனிந்திருந்தார்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த இடம் இது. ருக்மிணி லட்சுமிபதி இங்கே சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். அதே ஆண்டு தண்டி யாத்திரைக்குக் காந்தி தேர்ந்தெடுத்த தொண்டர்களில் ஒரு பெண்கூட இல்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். நாட்டு விடுதலை என்ற அத்தனை பெரிய காரணம் இருந்தும், சாலையில் இறங்கி நடக்கப் பெண்கள் தனியாக வாதாட வேண்டியிருந்தது.

வேதாரண்யம் இன்னொருவருக்கும் சொந்த ஊர்த் தொடர்பு உள்ள இடம். தாயுமானவரின் குடும்பம் இந்தத் திருமறைக்காட்டைச் சேர்ந்தது. ‘சும்மா இருத்தல்’ என்பதை ஞானத்தின் உச்சமாகப் பாடியவர் அவர். ஓர் ஆண் சும்மா இருந்தால் நம் மரபில் அது தவமாகலாம். பெண் சும்மா இருந்தால், “வீட்டுல சும்மாதான் இருக்கா.” ஊர் சுற்றினாலும் இதே கதை. ராகுல் சாங்கிருத்யாயனின் நூல் ஒன்றுக்குத் தமிழில் ‘ஊர்சுற்றிப் புராணம்’ என்றே பெயர். ஊர்சுற்றியாக இருப்பதை ஒரு அறமாகவே முன்வைத்த அவர், பெண்களுக்கும் அந்த உரிமை உண்டு என்று அதில் வாதாடுகிறார். நம் தெருக்களில் ஊர்சுற்றி என்பது ஆணுக்குச் செல்லத் திட்டு. பெண்ணுக்கு அதே செயலைக் குறிக்க ‘ஊர் மேய்கிறவள்’ என்று வேறு சொல் வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லின் முன்னால் நிற்கும்போது, கையில் ஒரு காரணம் இல்லாமல் யாருக்குத்தான் துணிச்சல் வரும்?

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தச் சிரிப்பு முடிந்தது. தங்க நினைத்த ஊரின் பெயர் இங்கே தேவையில்லை. விடுதி வரவேற்பில் இருந்தவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். பள்ளித் தோழி, எங்களில் அதிகம் பேசாதவள், சட்டென்று சொன்னாள்: “எதுக்கும் இல்லைங்க. சும்மாதான் போறோம்.”

அவர் எங்கள் நால்வரையும் ஒரு முறை பார்த்தார். பேரேட்டை மூடினார். “ரூம் இல்லீங்க.” அவருக்குப் பின்னால் பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. வங்கித் தோழிக்குக் கோபம். “நாலு வார்த்தை சொன்னா முடிஞ்சிருக்கும்.” அடுத்த விடுதியில் அவளே பேசினாள். விழிப்புணர்வு, பெண் கல்வி, ஐந்து நாள் பயணம். இரண்டு நிமிடத்தில் அறை கிடைத்தது. கூடவே நான்கு தேநீர். அந்தத் தேநீரைப் பள்ளித் தோழி குடிக்கவில்லை.

அன்றிரவு கட்டில்களில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினோம். வங்கித் தோழியின் வாதம் எளிமையானது. ராத்திரி எட்டு மணிக்கு நாலு பெண்கள் தெருவில் நிற்பதைவிடப் பொய் மேல். செவிலியர் தோழி கேட்டாள்: “இந்தப் பொய்யால யாருக்குக் கெடுதல்?” நல்ல கேள்வி. வள்ளுவரே குற்றமில்லாத நன்மையைத் தரும் பொய்யை வாய்மையின் இடத்தில் வைத்துத்தான் பேசுகிறார். நான் குறளைத் துணைக்கு அழைத்தேன். பள்ளித் தோழி என்னைப் பார்த்துச் சொன்னாள்: “குற்றமில்லாததான்னுதானே கேள்வியே. நாம நாளைக்குப் போயிடுவோம். நாளன்னிக்கு இதே இடத்துல ஒருத்தி தனியா வந்து நிப்பா. அவகிட்ட ‘அன்னைக்கு வந்தவங்ககிட்டகூட விழிப்புணர்வு இருந்துச்சே, உங்கிட்ட என்ன இருக்கு’ன்னு கேப்பாங்க. அவளுக்கு இவ்வளவு நல்லா பொய் சொல்ல வராது.”

யாரும் பதில் சொல்லவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவள் சொன்னதை எனக்குள் இப்படித்தான் விளங்கிக்கொண்டேன். பெண் வெளியே போகக் காரணம் வேண்டும் என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத விதி. எழுதப்படாததால் அதை யாரும் நீக்க முடியாது. ஒவ்வொரு முறையும் ஒருத்தி காரணம் சொல்வதால்தான் அது உயிரோடிருக்கிறது. பொய்க் காரணம் சொல்கிறவள் விதியை ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறாள். உண்மையில் அவள் சுங்கச்சாவடியில் கள்ளப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவள் கடந்துவிடுகிறாள். சாவடி அங்கேயே இருக்கிறது. கள்ளப் பணம் அச்சிட வழியில்லாதவள் அடுத்து வந்து மாட்டிக்கொள்கிறாள். எங்களுக்கு ஆங்கிலம் கலந்து பேசத் தெரியும், அடையாள அட்டை இருக்கிறது, ‘மேடம்’ என்று அழைக்கவைக்கும் தோரணை இருக்கிறது. ‘விழிப்புணர்வு’ என்ற சொல் எங்கள் வாயில் நம்பும்படி இருப்பதே அதனால்தான்.

நான்காம் நாள் கட்டுமாவடி வழியாகப் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் நுழைந்தோம். பெண்களும் சைக்கிளும் என்று பேசினால் இந்த மாவட்டத்தின் பெயரைச் சொல்லாமல் முடியாது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. 1992இல் உலக மகளிர் தினத்தையொட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை நகரை நிறைத்தார்கள். நான் தொப்பூரில் கேழ்வரகுப் பையோடு பொய்க்குள் ஒளிந்துகொண்ட அதே ஆண்டு. கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கான சைக்கிள் தட்டுப்பாடானபோது பார் வைத்த ஆண் சைக்கிளையே வாங்கினார்கள். பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதினார். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம், விளைபொருளை அதிக ஊர்களில் விற்கலாம், தண்ணீர் கொண்டுவரலாம் என்று பொருளாதாரப் பலன்களைச் சொல்லிவிட்டு, அதை மட்டும் வைத்து இந்த மாற்றத்தை அளக்கக் கூடாது என்றும் சொன்னார். அந்தப் பெண்களின் தன்மதிப்புதான் முதன்மையானது என்பது அவர் கண்டது. ஆனால் பிறகு வந்த திட்டங்கள் எல்லாம் பலனைச் சொல்லித்தான் சைக்கிளைக் கொடுத்தன. 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிப் பின்னர் எல்லாருக்கும் விரிந்த தமிழக அரசின் விலையில்லாச் சைக்கிள் பள்ளிக்குப் போக. நல்ல திட்டம். என் மாணவிகளில் பலர் அந்தச் சைக்கிளில் மேல்நிலைப்பள்ளி போனவர்கள்தான். பள்ளிக்குப் போகும் வழியில் கொஞ்சம் சுற்றிப் போகலாம் என்று எந்த அரசாணையும் எழுதாது. பெண்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

மணமேல்குடி அருகே ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டு நின்றோம். அறுபதைக் கடந்த ஓர் அம்மா வெளியே வந்து எங்களைவிடச் சைக்கிள்களைத்தான் முதலில் பார்த்தார். தான் அறிவொளியில் கற்றுக்கொண்டவர் என்றார். எங்கள் பள்ளித் தோழி கேட்டாள்: “கத்துக்கிட்டு மொத மொத எங்கம்மா போனீங்க?”

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். “எங்கயும் போகலம்மா. கோயிலச் சுத்திச் சுத்தியே வந்தேன். ராத்திரி, யாரும் இல்லாதப்ப. எத்தன சுத்துன்னு எனக்கே தெரியாது.”

அதற்கு முன்னும் பின்னும் அந்தச் சைக்கிளில் அவர் என்னென்ன பயனுள்ள வேலை செய்திருப்பார் என்று யாரும் கணக்கிட்டுவிடலாம். அந்த இரவின் சுற்றுகள் எந்த அறிக்கையிலும் வராது. அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் வில்லார்டு என்ற பெண்ணுரிமைப் போராளி 53 வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டு, 1895இல் அதைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். மணமேல்குடி அம்மா நூல் எழுதவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒன்றைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று தோன்றியது. தன் உடம்பைத் தானே எங்காவது கொண்டுபோக முடியும் என்பது, எங்கே கொண்டுபோகிறோம் என்பதற்கு முன்னால் வருகிற மகிழ்ச்சி.

இந்த இடத்தில் என் கட்டுரை அழகாக முடிந்திருக்கும். ஐந்தாம் நாள் கோட்டைப்பட்டினத்தில் ஓர் அக்காவைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

விசைப்படகுகள் கரை சேர்ந்திருந்த நேரம். இந்தக் கரையிலிருந்து போகிறவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. அப்போதெல்லாம் காத்திருக்கிறவர்கள் பெண்கள். இரங்கல் இன்னும் பாடத்திட்டத்தில் மட்டும் இல்லை. ஐம்பது வயதிருக்கும் அந்த அக்கா அன்னக்கூடை நிறைய மீனோடு ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்.

“எதுக்கும்மா இந்த வெயில்ல?”

“சும்மாதான்க்கா” என்றேன். முதல் முறையாக நான் சொன்னேன்.

அவர் சிரித்தார். கேலியாக இல்லை. “நான் சும்மா போயி எத்தன வருசம் ஆச்சுங்குறே. கூடை இல்லாம ரோட்டுல நடந்தா கை ரெண்டும் என்னமோ மாதிரி இருக்கு.” ஆட்டோ வந்தது. கூடையை ஏற்ற ஒரு கை கொடுத்தேன். “சுத்துங்க, சுத்துங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் ‘சும்மா’வுக்குப் பின்னால் ஒரு மாதச் சம்பளம் இருக்கிறது என்பது அந்தக் கூடையின் கனத்தில் தெரிந்தது. அவருக்கு வெளியே போகக் காரணம் வேண்டியதில்லை. காரணம் அவர் தலைமேலேயே இருக்கிறது, இறக்கிவைக்க முடியாதபடி. அந்தக் காரணமும் அவரைப் போன்றவர்களைக் காப்பாற்றுவதில்லை. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப ஏறிய ஒரு மூதாட்டியை, நாற்றம் வருகிறதென்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அந்த ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், முதல்வர் கண்டித்தார். ஆனாலும் பாடம் மிச்சமிருக்கிறது. உழைப்பைவிடப் பெரிய காரணம் வேறு என்ன? அதுவே போதவில்லை. காரணத்தால் பெற்ற உரிமையை இன்னொரு காரணத்தால் பறித்துவிடலாம்.

அப்படியானால் எங்கள் பயணம் வசதி படைத்தவர்களின் விளையாட்டா? ஓரளவு ஆம். அதற்காக வெட்கப்பட்டு வீட்டிலிருந்தால் அந்த அக்காவின் கூடை லேசாகிவிடுமா என்று யோசித்தேன். ஆகாது. பெண்ணின் ஓய்வு ஆடம்பரம் என்றே எல்லாரும் ஒப்புக்கொண்டால், அவருக்கு அது கிடைக்க வேண்டும் என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றாது. அவர் கேட்டது மீன் விற்கும் உரிமையை இல்லை. வெறும் கையோடு நடப்பதை.

இப்போது அந்த இரவு விவாதத்துக்கு என்னால் ஒரு பதில் சொல்ல முடியும். பொய் சொல்வது எல்லாருக்கும் ஒரே எடையுள்ள குற்றமில்லை. தெருவில் தனியாக நிற்கிறவள், அடிக்குப் பயந்தவள், வேலை போய்விடும் என்று நடுங்குகிறவள் எந்தக் காரணத்தையும் சொல்லிக் கடக்கட்டும். அது அவள் தற்காப்பு. ஆனால் உண்மை சொன்னால் பெரிதாக எதையும் இழக்காதவள், ஒரு முகச்சுளிப்பை, ஒரு அறையை, கொஞ்சம் மரியாதையை மட்டும் இழக்கக்கூடியவள், அவள் இன்னும் பொய் சொல்லிக்கொண்டிருந்தால் அதன் செலவு மற்றவள் கணக்கில் ஏறுகிறது. ‘சும்மாதான்’ என்று சொல்லிப் பார்க்க வேண்டிய கடன், அதைச் சொல்ல வசதி உள்ளவளுக்குத்தான் முதலில் இருக்கிறது. என்னைப் போன்றவளுக்கு.

கல்லூரி திரும்பிய பின் அடுத்த விடுப்பு விண்ணப்பத்தில் காரணக் கோட்டில் ‘கடல் பார்க்க’ என்று எழுதினேன். அலுவலகத்தில் அதை வாங்கியவர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, “மேடம், ‘சொந்த வேலை’ன்னு மாத்திடலாமா?” என்றார். வேண்டாம் என்றேன். விடுப்பு கிடைத்தது. வானம் இடிந்து விழவில்லை. ஒரு வாரம் ஆசிரியர் அறையில் கேலி இருந்தது. அவ்வளவுதான் விலை. இருபது ஆண்டுகளாக இந்த விலைக்குப் பயந்தா அத்தனை சிறுகதை எழுதினேன்?

அடுத்த சனிக்கிழமை தொப்பூர் போனேன். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவரிடமும் கள ஆய்வு என்றுதான் சொல்லியிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன்: “அம்மா, அன்னைக்கு ஆராய்ச்சிக்கெல்லாம் போகல. சும்மா சைக்கிள் ஓட்டத்தான் போனேன்.”

அம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “தெரியும்.”

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: “கடலு ராத்திரியிலும் சத்தம் போட்டுக்கிட்டே இருக்குமாமே?” அம்மா கடல் பார்த்ததில்லை. சொன்னேன், ஆமாம், நிற்கவே நிற்காது என்று. இன்னும் கொஞ்சம் புளி. பிறகு குரலைத் தாழ்த்தினார், முற்றத்தில் யாரும் இல்லாதபோதும்.

“எனக்கும் ஒருக்கா பாக்கணும் கண்ணு. ராமேஸ்வரத்துல ஒங்கப்பாவுக்குத் திதி குடுக்கணும்னு சொல்லிக்கலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

நான் சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டை வரை வந்தது. சுங்கச்சாவடி, கள்ளப் பணம், அடுத்து வருகிறவள். அம்மாவின் கை புளியிலேயே இருந்தது. எனக்கு முதல் காரணத்தைக் கொடுத்து மேட்டூர் சாலைக்குத் திறந்துவிட்ட கை.

“சரிம்மா” என்றேன். “அப்படியே சொல்லிக்கலாம்.”

மே மாதம் போகிறோம்.